மூடாக்கும் ஒரு மீசையும்

ஜூன் 10

அன்புள்ள சிட்டுவுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தை, அவளுடைய பதினோரு கோழிகள், இருபது மஞ்சள் பாத்தி எல்லாரும் நலம். அங்கே உன் கால்களில் ஒன்று நலம் என்று உன் அம்மா சொன்னாள். மற்றதும் சீக்கிரம் நலமாகட்டும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், உனக்குப் பஸ் படி சறுக்கியிருக்கிறது. தொடை எலும்பில் தகடு வைத்திருக்கிறார்களாமே? விமானம் செய்கிற உலோகம் என்று நான் இங்கே எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் மாற்றிச் சொல்லிவிடாதே.

போனில் பேச மாட்டேன் என்கிறாய். "மாமா, நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள எனக்குக் காது வலி வந்துடும், ஆனா நான் கேட்ட நம்பர் மட்டும் வராது. எழுதி அனுப்புங்க" என்றாய். ஆகட்டும். நான் ஏழாம் வகுப்பு, அதிலும் அரைப் பரீட்சை வரைதான். ஆனாலும் எழுத்தில் சோடை போனவன் இல்லை. அந்தக் காலத்தில் நான் எழுதிய லீவு லெட்டரைப் படித்து ஹெட்மாஸ்டர் கண்கலங்கி, ஒரு நாள் கேட்டதற்கு மூன்று நாள் கொடுத்தார்.

மே இருபத்தைந்தில் நட்டாய், முப்பதில் விழுந்தாய். ஐந்து நாள் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். கவலையை விடு. முப்பது வருஷமாகக் கிணற்று மோட்டாரைப் பிரித்துப் பூட்டுகிறவனுக்கு இருபது பாத்தி என்ன பெரிய காரியம்? நீ சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். மஞ்சள் நட்ட மண்ணின் மேல் எதை மூடாக்காகப் போர்த்தினால் செடி நன்றாக வளரும், கிழங்கு அதிகம் விளையும் என்று பார்க்க வேண்டும். வரிசைக்கு ஐந்து பாத்தி. ஒன்றுக்கு வைக்கோல், ஒன்றுக்குப் பச்சை இலை, ஒன்றுக்குக் கரும்புத் தோகை, ஒன்றுக்குக் கருப்பு பிளாஸ்டிக் தாள், ஒன்றுக்கு ஒன்றுமே கிடையாது, வெறும் மண். இப்படி நாலு வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் இடம் மாற்றி மாற்றி. எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர், ஒரே உரம்.

பச்சை இலையை நானே வேலியில் கழித்துப் போடுகிறேன். அதனால் சொல்கிறேன், ஜெயிக்கப்போவது இலைதான். நேற்று சலூன்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு பக்கத்துத் தாடையைச் சிரைத்துவிட்டு அப்படியே நின்றார். "அட போங்கண்ணே, வைக்கோலுக்கு மிஞ்சி என்ன இருக்கு?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இலை தோத்தா இந்த மீசைய உன் கடையிலேயே எடுத்துக்கறேன்யா" என்று சொல்லிவிட்டேன். கடையில் எட்டுப் பேர் சாட்சி. நாற்பது பேர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் முளை வரவில்லை.

இப்படிக்கு,
உன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர்,
மாமா


ஜூன் 18

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு வேண்டியது கடைசி வரியில் இருந்தது. நன்றி. அம்மா மற்றதையும் சத்தமாகப் படித்தாள். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைப் பெண்மணிக்குச் சிரித்துச் சிரித்துத் தையல் வலித்ததாம்.

மீசைப் பந்தயத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தச் சோதனையில் உங்களுக்குக் கட்சி கிடையாது. எனக்கும் கிடையாது. இலை ஜெயித்தாலும் சரி, பிளாஸ்டிக் ஜெயித்தாலும் சரி, ஒன்றுமே போடாத மண் ஜெயித்தாலும் சரி, நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் என் படிப்பு.

போன வருஷம் கல்லூரி வயலில் போட்டதைப் பன்றிகள் தோண்டித் தின்றது உங்களுக்குத் தெரியும். என் ஆராய்ச்சிப் பதிவு அடுத்த ஜூலையோடு முடிகிறது. மஞ்சள் ஒன்பது மாதப் பயிர். இந்தப் பருவம் போனால் எனக்கு இன்னொன்று இல்லை, நாலு வருஷப் படிப்பும் அதோடு போய்விடும். அதனால்தான் உங்கள் வயலுக்கு வந்தேன். உங்களை நம்பி வந்தேன் என்று எழுதலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். எழுதிவிட்டேன்.

முளை வந்ததும் ஒவ்வொரு பாத்தியிலும் நடுவில் உள்ள ஐந்து செடிக்குச் சிவப்பு நூல் கட்டுங்கள். அறுபதாம் நாள், தொண்ணூறாம் நாள், பிறகு மாதத்துக்கு ஒரு முறை அந்த ஐந்தை மட்டும் அளக்க வேண்டும். மூடாக்கை விலக்கி, மண்ணிலிருந்து மேலே நீண்டிருக்கிற இலையின் நுனி வரை. ஸ்கேல் மோட்டார் அறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. இலைப் பாத்திக்கு இலை மக்கிப்போகும், நாற்பது நாளுக்கு ஒரு தடவை புதிதாகப் போடுங்கள். வெறும் பாத்தியில் எதையும் போடாதீர்கள். ஒரு சருகுகூட வேண்டாம். அது தராசின் மறு தட்டு. அதில் கை வைத்தால் மற்ற நாலையும் எதோடு ஒப்பிடுவேன்?

அத்தையிடம் கோழிகளைக் கட்டிவைக்கச் சொல்லுங்கள்.

சிட்டு


ஜூலை 10

அன்புள்ள சிட்டு,

கோழியைப் பற்றி நீ எழுதிய கடிதம் ஒரு நாள் தாமதமாக வந்தது. அதற்குள் உன் அத்தையின் படை வைக்கோல் பாத்திக்குள் இறங்கிவிட்டது. வைக்கோலில் ஒட்டியிருந்த நெல்லைத் தேடிக் கிளறு கிளறென்று கிளறி, ஒரு பாத்தியை மெத்தைக் கடை மாதிரி ஆக்கிவிட்டன. நான் ஒரு கத்துக் கத்தினேன் பார், பதினோரு கோழியும் ஒரு வாரம் முட்டையிடவில்லை. உன் அத்தை, "அதுங்க முட்டையிடாதது வெயிலால, உங்க தொண்டையால இல்ல" என்கிறாள். வைக்கோலைத் திரும்பப் பரப்பிவிட்டேன். செடிக்கு ஒன்றும் இல்லை. இப்போது சுற்றி வலை.

முளை வந்துவிட்டது! முதலில் வைக்கோல், இரண்டு நாள் கழித்து இலை, பிறகு தோகை. வெறும் மண் மழை பெய்து காய்ந்ததும் அப்பளம் மாதிரி மேலே ஓடு கட்டிக்கொண்டது. அதைப் பிளந்துகொண்டு முளை வருவதற்குள் அதற்குப் பாதி ஆயுள் போய்விட்டது. கருப்புத் தாள் வேறு கதை. நீ வெட்டிய ஓட்டை ஒரு பக்கம், முளை ஒரு பக்கம். உள்ளேயே வளைந்து நெளிந்து, வழி தெரியாமல் அலைகிறது. நான் வெயிலில் மண்டிபோட்டு, ஒவ்வொன்றையும் விரலால் தேடி, ஓட்டை வழியாக வெளியே எடுத்துவிட்டேன். இருநூறு பிரசவம் பார்த்தேன் என்று வை. தாளின் மேல் கை வைத்தால் தோசைக்கல். அடியில் ஈரம் மட்டும் அப்படியே இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். களையும் கிடையாது.

வெறும் பாத்தியில் களை எடுத்தே எனக்கு முதுகு போனது. அதைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது. உன் அத்தை தினமும் சாயங்காலம் அதன் பக்கத்தில் நின்று உச்சுக் கொட்டுகிறாள்.

இலைப் பாத்தியைக் கையால் விலக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பிடியிலும் பாம்பு கனத்துக்கு மண்புழு.

மாமா


ஆகஸ்ட் 26

அன்புள்ள சிட்டு,

அறுபதாம் நாள், தொண்ணூறாம் நாள் இரண்டு அளவையும் தனித்தாளில் வைத்திருக்கிறேன். நூறு செடி, இரண்டு தடவை, இருநூறு எண். எழுதி எழுதி என் பேனாவுக்கே காய்ச்சல் வந்துவிட்டது. சுருக்கமாகச் சொன்னால், தொண்ணூறாம் நாளில் இலை 120 சென்டிமீட்டர், வைக்கோல் 100, தோகை 95, கருப்புத் தாள் 40, வெறும் மண் 30. இலைப் பாத்திக்குள் நான் குனிந்தால் என்னைத் தேடி ஆள் வர வேண்டும். நான் சொன்னேனா இல்லையா!

கல்லூரியில் உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற மேடத்திடம் காட்டு. இப்படி ஒரு பயிரை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். சலூன்காரர் இப்போதெல்லாம் என் மீசையைத் தொடாமலே முடி வெட்டுகிறார்.

உன் அத்தைக்கு ஒரே புலம்பல். மோட்டார் அறை முழுக்க மூங்கில் கட்டாக அடுக்கி வைத்திருக்கிறேனாம், உள்ளே நுழைய முடியவில்லையாம், எல்லாம் அடுப்புக்குத்தான் ஆகுமாம். அவளுக்கு என்ன தெரியும்?

நீ ஊன்றுகோலோடு பத்தடி நடந்தாயாமே. உன் அம்மா சொன்னாள். ஊரில் நூறடி என்று சொல்லிவிட்டேன், சீக்கிரம் அதற்கு ஈடுகொடு.

மாமா


செப்டம்பர் 4

மாமா,

நீங்கள் அனுப்பிய தாளை மேடத்திடம் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

அவர் இரண்டு நிமிஷம் பார்த்தார். "இந்த வயல்ல யாரும்மா அளக்கிறது?" என்று கேட்டார். "என் மாமா" என்றேன். "அளக்கிறாரா?" என்று கேட்டார். தாளைத் திரும்ப வாங்கி ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தேன்.

இருநூறு எண்ணும் ஐந்தில் முடிகிறது, இல்லாவிட்டால் பூஜ்யத்தில் முடிகிறது. செடி ஐந்தைந்தாக வளராது மாமா. ஒரே பாத்தியில் ஐந்து செடியும் பட்டாளத்துக்காரர்கள் மாதிரி ஒரே உயரம் நிற்காது. நூற்றிருபது என்பது ஐந்தாம் மாதத்து உயரம், மூன்றாம் மாதத்தில் வராது. கருப்புத் தாளில் நாற்பதா? ஈரம் இருக்கிறது, களை இல்லை என்று நீங்களே எழுதினீர்கள். உங்களுக்குப் பிடித்தது வளர்ந்திருக்கிறது, பிடிக்காதது குட்டையாகிவிட்டது. ஸ்கேலை எடுத்தீர்களா, இல்லை மோட்டார் அறையில் உட்கார்ந்து மனதில் தோன்றியதை எழுதினீர்களா?

ஐந்தாம் வகுப்பில் ஓவியப் போட்டியில் எனக்குக் கிடைத்தது ஆறுதல் பரிசு. ஒரு பென்சில் பெட்டி. எனக்கு அது போதும், அவ்வளவு சந்தோஷமாக வந்தேன். நீங்கள் வழியில் பார்த்தவரிடமெல்லாம் "எங்க பாப்பா ஃபர்ஸ்ட் பிரைஸ்" என்று சொன்னீர்கள். மறுநாள் முதல் பரிசு வாங்கிய பெண் வகுப்பில் எல்லார் முன்னாலும், நீயா ஃபர்ஸ்ட் என்று என்னிடம் கேட்டாள். அன்றைக்கு அந்தப் பென்சில் பெட்டியைப் பையில் மறைத்தேன், அப்புறம் எடுக்கவே இல்லை. நீங்கள் கூட்டிச் சொல்லச் சொல்ல, எனக்குக் கிடைத்ததும் குறைந்துபோகிறது.

சோதனையை நிறுத்திவிடலாம் என்று மேடம் சொல்கிறார். இந்த மாதம் முடியும் வரை யோசிக்கச் சொல்லியிருக்கிறார். யோசிக்க என்ன இருக்கிறது? நீங்கள் இனி அளக்க வேண்டாம். தண்ணீர் மட்டும் விடுங்கள், செடிகள் பாவம்.

சிட்டு


செப்டம்பர் 13

மருமகளுக்கு,

உன் கடிதம் வந்தது. படித்தேன். பிறகு உன் அத்தையும் படித்தாள். இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை. கோழிகள்கூடக் குரலைத் தணித்துக்கொண்டன.

இனி நான் உனக்கு எழுதுவதாக இல்லை. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பென்சில் பெட்டி விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். இல்லை, சொல்லியிருப்பேன், என் வாய் அப்படி. ஆனால் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் அவள் அப்பாவிடம் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

நான் ஒன்றுக்கு ஒன்பதாகப் பேசுகிறவன்தான். ஊரே அறியும், ஊரே பாதி தள்ளித்தான் கேட்கும். நீயும் பாதி தள்ளிக்கொள்வாய் என்று நினைத்தேன். ஆனால் "அளக்கிறாரா?" என்று கேட்டாரே உன் மேடம், அதுதான் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. வெயில் ஏறுவதற்கு முன் போய், ஒவ்வொரு பாத்தியாக உட்கார்ந்து, வைக்கோலை விலக்கி, தோகை கையைக் கிழிக்க, நூல் கட்டிய செடியைத் தேடித் தேடி இரண்டு நாள் அளந்தேன், ஒரு தடவைக்கு இரண்டு நாள். அளக்கவில்லை என்று மட்டும் என்னைச் சொல்லாதே. எண் தப்பாக இருக்கலாம். அளந்தது தப்பில்லை.

சரி, எல்லாம் முடிந்த கதை. தண்ணீர் விடுகிறேன். குச்சிக்கட்டுகளையும் அத்தை சொன்னபடி அடுப்புக்கே கொடுத்துவிடலாம். இனி அதை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன?

மாமா


செப்டம்பர் 19

மாமா,

என்ன குச்சி?

அடுப்பில் வைக்காதீர்கள். ஒன்றைக்கூட வைக்காதீர்கள். அத்தையிடம் இப்போதே சொல்லிவிட்டுப் பிறகு மீதியைப் படியுங்கள்.

மீதி ஒன்றும் இல்லை. என்ன குச்சி என்று மட்டும் எழுதுங்கள். கூட்டாமல், குறைக்காமல்.

சிட்டு


செப்டம்பர் 25

அன்புள்ள சிட்டு,

அடுப்பில் வைக்கவில்லை. வைக்கப் போனவளைப் பாதி வழியில் பிடித்தேன். ஏழு குச்சி மட்டும் போய்விட்டது, அறுபதாம் நாளுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீ கேட்டபடி நேராக எழுதப் பார்க்கிறேன். எனக்கு இது பழக்கமில்லாத வேலை, கை வலிக்கிறது.

என் தொழிலில் ஒரு முறை உண்டு. கிணற்றுக்குள் இறங்கி டேப் பிடித்து எண்ணைப் படித்தால், இருட்டிலும் ஈரத்திலும் மூன்று எட்டாகத் தெரியும். ஏறி வருவதற்குள் மறந்தும் போகும். குழாய் ஒரு விரற்கடை குறைந்தாலும் மோட்டார் தண்ணீர் எடுக்காது. அதனால் நாங்கள் எண்ணை நம்புவதில்லை. ஒரு மூங்கில் குச்சியை உள்ளே வைத்து, அந்த இடத்திலேயே நறுக்கி எடுத்துக்கொண்டு வருவோம். கடைக்காரரிடம் குச்சியைக் கொடுத்தால் அதே நீளத்துக்குக் குழாய் வெட்டித் தருவார். முப்பது வருஷத்தில் ஒரு குழாய் எனக்குக் குறைந்ததில்லை.

உன் ஸ்கேலை எடுத்துக்கொண்டுதான் போனேன். அதன் கோடுகள் எனக்கு எறும்பு வரிசையாகத் தெரிந்தன. கண்ணாடி போடச் சொல்லி உன் அத்தை மூன்று வருஷமாகச் சொல்கிறாள், நான் கழுகுப் பார்வை என்று சொல்லித் தட்டிக்கழிக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்த முறைக்கு வந்தேன். மூடாக்கை விலக்கி, பிளந்த மூங்கிலை மண்ணில் நிறுத்தி, இலை நுனி வந்த இடத்தில் கத்தியால் நறுக்கினேன். செடிக்கு ஒரு குச்சி. ஒரு பாத்தியின் ஐந்து குச்சியும் ஒரு கட்டு. வைக்கோலுக்கு மஞ்சள் துணி, இலைக்குப் பச்சை, தோகைக்கு வெள்ளை, தாளுக்குக் கருப்பு, வெறும் மண்ணுக்குத் துணியே இல்லை, சணல் கயிறு. எத்தனையாம் வரிசையோ அத்தனை வெட்டு அடியில். அறுபதாம் நாள் கட்டுகள் ஒரு சாக்கில், தொண்ணூறாம் நாளுடையவை ஒரு சாக்கில். முந்தாநாள் நூற்றிருபதாம் நாளுக்கும் நறுக்கி முடித்துவிட்டேன். நீ வேண்டாம் என்றாய். கை கேட்கவில்லை.

குச்சிகளை அப்புறம் ஸ்கேலில் வைத்துப் பார்த்து எழுதலாம் என்றுதான் இருந்தேன். எழுத உட்கார்ந்தபோது குச்சிகள் மோட்டார் அறையில் இருந்தன, நான் வீட்டில் இருந்தேன். பேனாவைத் தொட்டதும் வாய் வந்துவிட்டது. குச்சியை வெட்டியது கை, அந்தத் தாளை எழுதியது வாய். அவ்வளவுதான் நடந்தது.

இன்னொன்று. யாருக்கும் தெரியாது, சொல்லாமலே இருந்துவிடலாம். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வாரம் வெயில் கொளுத்தியது. அப்போது மூன்றாம் வரிசை வெறும் பாத்தியின் மேல் உன் அத்தை வைக்கோலைப் போர்த்திவிட்டாள். "உடம்பு முழுக்கத் துணியோட நாலு பிள்ளைங்க நிக்குது, இது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?" என்றாள். நான் நாலு நாள் கழித்துத்தான் பார்த்தேன். எடுத்துவிட்டேன். அவளைத் திட்டவில்லை, எனக்கும் அதே எண்ணம் வந்திருந்தது, நான் சொல்லவில்லை, அவள் செய்துவிட்டாள். உன் தராசின் தட்டில் நாலு நாள் கை வைத்துவிட்டோம்.

கடைசியாக ஒன்று. பச்சைத் துணிக் கட்டையும் மஞ்சள் துணிக் கட்டையும் பக்கத்தில் வைத்துப் பார். மஞ்சள்தான் உயரம். எனக்கு ஜூலையிலேயே தெரியும்.

சாக்குகளை நாளைக்கு லாரியில் ஏற்றிவிடுகிறேன்.

மாமா


அக்டோபர் 11

அன்புள்ள மாமாவுக்கு,

மூன்று சாக்கும் வந்து சேர்ந்தன. லாரிக்காரர் மாடியில் இறக்கும்போது, "விறகாம்மா?" என்று கேட்டார். "இல்லைங்க, என் படிப்பு" என்றேன்.

அறைக் கட்டிலைச் சுவரோரம் தள்ளச் சொல்லி, தரையில் உட்கார்ந்து, தொண்ணூறாம் நாள் குச்சிகளைத் துணி வாரியாக அடுக்கினேன். தரையில் வரிசையாகக் கிடத்திய கையோடு எனக்கு விடை தெரிந்துவிட்டது மாமா. அடி எல்லாம் ஒரே கோட்டில், நுனி மட்டும் படிப்படியாக இறங்கியது. மஞ்சள் துணி, பச்சை, வெள்ளை, கருப்பு, கடைசியில் சணல் கயிறு. ஒரு கட்டுக்குள் ஐந்து குச்சியும் ஐந்து நீளம். செடிகள் அப்படித்தான் இருக்கும். நான் கொஞ்சம் அழுதேன். அம்மா கால் வலிக்கிறதா என்று ஓடி வந்தாள்.

மறுநாள் மேடம் வீட்டுக்கே வந்தார். முதலில் நம்பவில்லை. "இதையும் உட்கார்ந்து வெட்டியிருக்கலாமே" என்றார். நான் உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். அத்தை வைக்கோல் போர்த்திய இடத்தை இரண்டு தடவை படித்தார். எரிந்துபோன ஏழு குச்சியையும் படித்தார். பிறகு, "பொய் சொல்றவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்" என்றார். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து அளந்தார். மூங்கில் காய்ந்தாலும் நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு என்பதையும் சரிபார்த்தார். சாயங்காலம் ஆகிவிட்டது.

தொண்ணூறாம் நாள் சராசரி இது. வைக்கோல் 74, இலை 69, தோகை 63, கருப்புத் தாள் 58, வெறும் மண் 49. எல்லாம் சென்டிமீட்டர். நீங்கள் எழுதிய தாளை நான் கிழிக்கவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன், எப்போதாவது மனசு சரியில்லாதபோது எடுத்துப் பார்க்கலாம்.

அத்தை போர்த்திய பாத்தியை நடந்தது நடந்தபடி குறிப்பில் எழுதிவிட்டு, அதை விட்டும் சேர்த்தும் இரண்டு விதமாகக் கணக்கிட மேடம் சொல்லியிருக்கிறார். சோதனை நிற்காது. தொடர்கிறது.

செப்டம்பரில் நான் எழுதிய கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன், ஸ்கேலை எடுத்தீர்களா என்று. அதை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மற்றதை எழுதியதற்கு வருத்தமில்லை. அதற்கு மட்டும் வருத்தம்.

இனி நீங்கள் எண் எழுத வேண்டாம். குச்சி மட்டும் அனுப்புங்கள். கடிதத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். நிறையவே எழுதுங்கள். இரண்டு வாரமாகக் கடிதம் இல்லாமல் பக்கத்துப் படுக்கைப் பெண்மணி வீட்டிலிருந்து போன் போட்டு விசாரிக்கிறார்.

கண்ணாடி போடுங்கள்.

சிட்டு


பிப்ரவரி 9

அன்புள்ள சிட்டு,

அறுவடை முடிந்தது. இலை எல்லாம் காய்ந்து சாய்ந்த பிறகுதான் தோண்டினேன், நீ சொன்னபடி. எடை போட உரக்கடையிலிருந்து தராசை வாங்கி வந்தேன். எண்ணை நான் படிக்கவில்லை. உன் அத்தை படித்தாள், சலூன்காரர் எழுதினார், நான் கிழங்கை எடுத்து வைப்பதோடு சரி. மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட தாள் இதோடு இருக்கிறது. சலூன்காரரின் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது, அந்த ஆளிடம் நல்லது ஏதாவது இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

பாத்திக்குச் சராசரியாக வைக்கோல் எட்டு கிலோ நூறு கிராம். இலை ஏழு நானூறு. தோகை ஆறு அறுநூறு. கருப்புத் தாள் ஆறு. வெறும் மண் நாலு எழுநூறு. ஒரு கிராம் கூட்டவில்லை. கடைசி இலைப் பாத்தியைத் தராசில் வைத்தபோது என் கட்டைவிரல் தட்டின் ஓரத்தைத் தொட்டது என்று உன் அத்தை சொல்கிறாள். தொட்டது. எடுத்துவிட்டேன். திரும்ப நிறுத்தோம்.

வைக்கோல் பாத்தியில் ஒரு தூரைப் பிடுங்கினால் தாய்க்கிழங்கைச் சுற்றி விரல் விரலாக, ஒரு கைக்கு இருபது விரல் வைத்த மாதிரி வருகிறது. மண் உதறினால் பொலபொலவென்று கொட்டுகிறது. வெறும் பாத்தியில் கடப்பாரை போட வேண்டியிருந்தது. எனக்கே புத்தி வந்துவிட்டது, அடுத்த பருவத்துக்கு வயல் முழுக்க வைக்கோல்தான். இலையையும் விடமாட்டேன், வேலி ஓரம் நாலு பாத்தி அதற்கு. தோற்றவனுக்கும் சோறு போட வேண்டுமல்லவா?

மீசை போய்விட்டது.

நானே கடைக்குப் போய் உட்கார்ந்தேன். சலூன்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார், தொடவே இல்லை. "அண்ணே, சும்மா பேச்சுக்குச் சொன்னது. விட்டுடலாம்ணே" என்றார். "எழுதின கை உன் கை, எடைய மாத்த முடியுமா? எடுய்யா" என்றேன். எடுத்தார். கடையில் ஒரு பயல் சிரிக்கவில்லை. நாற்பது பேர் இருந்தார்கள். எட்டுப் பேர் என்றே வைத்துக்கொள்.

வீட்டுக்கு வந்தேன், உன் அத்தை கதவைத் திறந்து, "யாரு வேணும்?" என்றாள். இன்று வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். கோழிகளுக்கும் அடையாளம் தெரியவில்லை. கண்ணாடி வேறு போட்டிருக்கிறேன். கண்ணாடியில் பார்த்தால் எதிரே ஒரு பள்ளிக்கூட வாத்தியார் நிற்கிறார்.

எடுப்பதற்கு முன்னால் ஒரு துண்டு மூங்கிலை மீசையின் பக்கத்தில் வைத்து நறுக்கச் சொன்னேன். ஒரு பக்கம் மட்டும். உள்ளே வைத்திருக்கிறேன். ஊரில் நாலு அங்குலம் என்று சொல்லியிருக்கிறேன். குச்சி இரண்டரைதான் சொல்லும்.

மாமா


மார்ச் 2

அன்புள்ள மாமாவுக்கு,

அளந்தேன். இரண்டு அங்குலமும் கொஞ்சமும். இரண்டரைகூட இல்லை.

நேற்று மேடம் என் ஆய்வேடு முழுவதையும் படித்து முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். செய்முறைப் பகுதியில், ‘செடியின் உயரம் மூங்கில் குச்சியில் நேரடியாக வெட்டிக் குறிக்கப்பட்டு, பின்னர் அளக்கப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கிறது. அதன் பக்கத்தில் அவர் பென்சிலால், ‘நல்ல முறை’ என்று எழுதியிருக்கிறார். இரண்டே சொல்தான். நீங்கள் சலூனில் சொல்லும்போது அது இரண்டு பக்கமாகிவிடும் என்று எனக்குத் தெரியும். சொல்லிக்கொள்ளுங்கள். இந்தத் தடவை நான் எதையும் பையில் மறைக்கப்போவதில்லை.

ஊன்றுகோலை நேற்றோடு விட்டுவிட்டேன். இருபத்தெட்டாம் தேதி பஸ்ஸில் வருகிறேன். நிறுத்தத்திலிருந்து உங்கள் வீடு வரை நடந்தே வருவேன், வண்டி கொண்டுவர வேண்டாம். அத்தையிடம் சொல்லுங்கள், கோழிகளைக் கட்டவும் வேண்டாம்.

மீசை திரும்ப முளைத்திருக்கும். முப்பதாம் நாள் அளவைக் குச்சியில் நறுக்கி வையுங்கள். வந்து நானே அளக்கிறேன். வைக்கோல் எதுவும் போர்த்திவிடாதீர்கள், அது வெறும் பாத்தியாகவே இருக்கட்டும்.

சிட்டு